குழந்தை சொல்லாத தேதி

பயிற்சிக்குப் போகச் சொல்லி மெமோ வந்த அன்று நான் ஸ்டேஷனில் ஒரு ஆட்டம் ஆடித் தீர்த்தேன். நாகர்கோவிலில் மூன்று நாள் வகுப்பு. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களை எப்படி விசாரிப்பது, கோர்ட்டில் எப்படி நடத்துவது என்று சொல்லித் தருவார்களாம். மகளிர் காவல் நிலையத்தில் எஸ்.ஐ.யாக ஆறு வருடம் அந்த வழக்குகளோடுதான் நான் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் போய்ப் பாடமா என்று கையிலிருந்த ஃபைலை மேசையில் தூக்கிப் போட்டேன்.

"போயிட்டு வாருங்க மேடம். மூணு நாளு நாங்களும் கொஞ்சம் நிம்மதியா இருப்பம்லா," என்றார் எங்கள் ஏட்டம்மா. எனக்கு எழுத்து வேலை பார்த்தவர் அவர்தான். ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி. என் கோபத்தைக் கேட்டும் கேட்காத மாதிரி இருக்கப் பழகியவர், அவ்வப்போது இப்படி ஒரு குத்தும் குத்துவார்.

கோபத்துக்குக் காரணம் தலைக்கனம், வேறொன்றுமில்லை. நான் எழுதும் வாக்குமூலங்களுக்கு எங்கள் வட்டாரத்தில் ஒரு பேர் இருந்தது. தேதி, நேரம், இடம், நடந்தது எல்லாம் வரிசையாக நிற்கும். குழந்தைகள் வரிசையாகப் பேசாது. பூனைக்குட்டியில் தொடங்கும், மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும், நடுவில் நமக்கு வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லும், உடனே தாகமாக இருக்கிறது என்னும். அதையெல்லாம் ஒதுக்கி, நேராக்கி, ஜட்ஜ் வாசித்தால் புரிகிற மாதிரி ஆக்கிக் கொடுப்பதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன். "ஒங்க பேப்பர்ல ஒரு கமா மாத்த வேண்டாம் மேடம்" என்று அரசு வக்கீல் ஒருமுறை சொன்னதை வீட்டில் போய் என் கணவரிடம் இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன். இரண்டாவது தடவை அவர் டி.வி. சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

வகுப்பெடுக்க வந்தவர் மதுரைப் பக்கம் அரசு வக்கீலாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். ஆள் குள்ளம், குரல் அதைவிடச் சின்னது. மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் பேசினார். பின்வரிசையில் தூங்கலாம் என்று உட்கார்ந்திருந்த நாங்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வர வேண்டியதாயிற்று. போலீஸ், வக்கீல், டாக்டர், குழந்தைகள் நலக் குழுவில் இருப்பவர்கள் என்று எல்லாரும் கலந்து இருந்தோம்.

காலையில் அவர் கொடுத்த வேலை ஒன்றுதான். இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருவர் மற்றவரிடம், நேற்று வீட்டுக்குப் போனதிலிருந்து என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பேச்சு நின்றால் "அப்புறம்?" என்று மட்டும் கேட்கலாம். எனக்கு ஜோடியாக வந்தது ஒரு பெண் டாக்டர். வீட்டுக்குப் போனேன், குளித்தேன் என்று சொல்லிவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார். எனக்குப் பொறுக்குமா?

"பெறவு சாப்பிட்டியளா? என்ன, சப்பாத்தியா?" என்றேன்.

"ஆமா, சப்பாத்தி," என்றார் டாக்டர்.

எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த அந்த அம்மாள் குனிந்து டாக்டரிடம், "நிஜமாவே சப்பாத்தியா?" என்று கேட்டார். டாக்டரின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இல்லை, ராத்திரி சாப்பிடவே இல்லை, வீட்டில் ஒரு சண்டை, அதைச் சொல்ல வேண்டாம் என்று ஆமாம் சொல்லிவிட்டேன் என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். "படிச்ச டாக்டர், எதிர்க்க இருக்கிறது ஒரு எஸ்.ஐ. அவங்களே ஆமான்னுட்டாங்க," என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் அடுத்த ஜோடியிடம் போனார். எனக்குச் சிரிப்பு அதோடு நின்றுவிட்டது.

மத்தியானம் ஆளுக்கு இரண்டு பென்சில் கொடுத்தார்கள், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். நாங்கள் எழுதிய வாக்குமூலம் ஒன்றை, பெயர்களைக் கறுப்பு மையால் மறைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். குழந்தை தானாகச் சொன்னதற்குக் கீழே சிவப்புக் கோடு, நாம் கேட்டு வாங்கியதற்கும் நாமாகச் சேர்த்ததற்கும் நீலக் கோடு. அவ்வளவுதான் பாடம்.

நான் கொண்டுபோனது கீரிப்பாறை போகிற வழியில், ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற ஓரிடத்துக் குழந்தையின் வழக்கு. ஒன்பது வயதுப் பெண்பிள்ளை. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர், அம்மாவுக்கும் தோட்டத்தில்தான் வேலை. இருவரும் வெளியே போனால் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தப் பக்கத்து வீட்டு ஆள்தான் குற்றவாளி. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அப்பாவும் அம்மாவும் மண்டைக்காட்டு அம்மன் கோவிலுக்குப் போயிருந்த அன்று, சாவி வாங்கப் போன பிள்ளையை அவன் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். ஒரு மாதம் கழித்துத்தான் பிள்ளை வாய் திறந்தது. மறுநாளே நான் யூனிஃபார்ம் இல்லாமல் சேலை கட்டிக்கொண்டு ஏட்டம்மாவோடு அவர்கள் வீட்டுக்குப் போய் வாக்குமூலம் வாங்கினேன். பிறகு பிள்ளையை மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப்போனோம், அவனைப் பிடித்தோம், குற்றப்பத்திரிகை போட்டோம். எனக்கு அது சுத்தமான வழக்கு.

ஒரே ஒரு உறுத்தல் இருந்தது. ஜாமீன் கேட்டபோது அவன் பக்கத்து வக்கீல் ஒரு கட்டு காகிதம் கொடுத்தார். நாங்கள் எழுதியிருந்த தேதியில் அவன் ஊரிலேயே இல்லை, திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அவன் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், காலை முதல் பொழுது சாயும்வரை கூடவே இருந்தான் என்று. ஜாமீனும் கிடைத்துவிட்டது. "எந்தச் சவத்துப்பயலுக்குத்தான் ஆஸ்பத்திரிச் சீட்டு கிடைக்காது?" என்று நான் ஸ்டேஷனில் கத்தினேன். சீட்டு பொய் என்று நிரூபிக்க வேண்டும் என்பதிலேயே என் புத்தி நின்றது. எழுதின தேதி சரியா என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

பென்சிலை எடுத்ததும் முதல் வரியிலேயே கை நின்றது. முதல் வரி தேதி. அதைப் பிள்ளை சொல்லவில்லை. எந்த ஒன்பது வயதுப் பிள்ளை தேதி சொல்லும்? நீலக் கோடு போட்டேன். அடுத்த வரி, "அன்று மண்டைக்காட்டுக் கொடைத் திருவிழா என்பதால் பள்ளி விடுமுறை." அதுவும் நீலம். "நான் வீட்டில் தனியாக இருந்தேன்." இது யார் சொன்னது என்று யோசித்தேன். நீலம். நடந்த கொடுமையைப் பற்றிய வரிகள் சிவப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அந்தக் குரல் இன்றும் காதில் இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றியிருந்த எல்லாம் நீலமாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தபோது தாளைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

அப்போது அந்த அம்மாள் சொன்னார், "இப்போ தாளுக்கு அடியில, குழந்தை சொல்லி நீங்க எழுதாம விட்டதை எழுதுங்க."

நான் எழுதினேன்: பேக்.

எழுதிய பிறகுதான் அது எனக்கே உறைத்தது. அந்தப் பிள்ளை பள்ளிக்கூட பேக்கைப் பற்றி என்னவோ சொன்னது. நான் அதை விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்பதும் ஞாபகம் வந்தது. வராந்தாவுக்கு வந்து ஏட்டம்மாவைக் கூப்பிட்டேன்.

ஏட்டம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் என்ன பேசினாலும், பேசுகிறபடியே ஒரு ரஃப் நோட்டில் எழுதிக்கொண்டே போவார். தும்மினால் அதையும் எழுதுவார் என்று அவரைக் கேலி செய்வேன். அதிலிருந்துதான் நான் சுருக்கி, செம்மையாக்கிச் சொல்லச் சொல்ல அவர் நல்ல தாளில் எழுதுவார். ரஃப் நோட்டைக் கிழித்துப் போடச் சொல்லிப் பலமுறை ஏசியிருக்கிறேன். நல்லவேளையாக அவர் என் பேச்சைக் கேட்டதில்லை.

போனிலேயே வாசித்துக் காட்டினார்.

"பள்ளி விட்டு வந்தேன். பேக்கு தோள்ல கெடந்தது. அம்மையும் அப்பாவும் மண்டைக்காட்டுக்குப் போயிருந்தாவ. சாவி கேக்கப் போனேன்... இதுக்குப் பெறவு நீங்க, கொடைக்கா மக்கான்னு கேக்கிய. பிள்ளை தலையாட்டுது. அடுத்து நீங்கதான் மேடம். வாசிக்கவா?"

"வாசிங்க."

"லீவு நாள்ல ஏது பேக்கு? பிள்ளை கொழம்புது. அத விடுங்க ஏட்டம்மா."

என் வார்த்தைகளையும் அவர் விடாமல் எழுதியிருந்தார். செத்துப் போகலாம் போல வெட்கமாக இருந்தது.

நான் மிஷன் காலத்துக் கிறிஸ்தவச் சபைக் குடும்பத்தில் பிறந்தவள். மண்டைக்காட்டுக் கொடை என்றால் எனக்குச் சின்ன வயசிலிருந்து ஒன்றுதான்: மாசி மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, மாவட்டம் முழுக்க விடுமுறை. வேலைக்கு வந்த பிறகு அங்கே பந்தோபஸ்துக்கு நின்றிருக்கிறேன், அதுவும் அந்தச் செவ்வாய்தான். அன்றைக்குப் பிள்ளை கொடை என்று தலையாட்டியதும், சுவரில் கிடந்த காலண்டரைப் புரட்டி அந்தச் செவ்வாயின் தேதியை எடுத்துப் போட்டுவிட்டேன். எங்கள் ஊரில் என்னைப் போன்ற ஒருத்திதான் இந்தத் தப்பைச் செய்ய முடியும். வெளியூர்க்காரியாக இருந்தால் யாரிடமாவது கேட்டிருப்பாள். அந்த வீட்டு ஆட்களைப் போலக் கோவிலுக்குப் போகிறவளாக இருந்தால் கேட்காமலே தெரிந்திருக்கும். எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு, அதனால் கேட்கவில்லை.

மறுநாள் காலை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு நேராகக் குடியிருப்புக்குப் போனேன். பிள்ளை பள்ளிக்குப் போயிருந்தது. அதனிடம் மறுபடி கேட்கக்கூடாது என்று மட்டும் எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. அம்மாவை உட்காரவைத்து, நீங்கள் மண்டைக்காட்டுக்குப் போன நாளைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் உண்மை.

"காலத்த மொத பஸ்ஸுல போனோம் மேடம். அவளையும் கூட்டிட்டுப் போவணும்னு இருந்தேன். அன்னைக்கு அவளுக்குப் பரிச்சை. டீச்சரு லீவு தரல்ல."

"அப்புறம்?"

"பொங்கல் விட்டோம். நேர்ச்சை உண்டும்லா. கொடை அன்னைக்கு எள்ளு போட்டா விழாத கூட்டம். நாங்க எப்பவும் எட்டாம் கொடைக்குத்தான் போறது."

எட்டாம் கொடை. கொடை முடிந்து அடுத்த செவ்வாய். அன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டு, பரீட்சை உண்டு, பேக் உண்டு. பக்கத்து வீட்டுக்காரன் காட்டிய ஆஸ்பத்திரிச் சீட்டு அந்த நாளுக்கு இல்லை.

"இத நீங்க அன்னைக்கே எனக்கிட்ட சொன்னியளா?" என்று கேட்டேன்.

"ஓர்மை இல்ல மேடம். சொல்லியிருப்பேன். நீங்க எழுதி வாசிச்சிய, போலீஸுக்குத் தெரியாததான்னு நெனச்சிக் கையெழுத்துப் போட்டேன்."

நல்லதாக நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் எனக்குக் கட்டன்சாயா போட்டுக் கொடுத்தார்.

அரசு வக்கீலைப் பார்த்தேன். என் பேப்பரில் கமா மாற்ற வேண்டாம் என்று சொன்ன அதே மனிதர். ரஃப் நோட்டை இரண்டு தடவை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இத வெளிய எடுத்தா கேஸு போச்சி மேடம். எடுக்காட்டாலும் போச்சி," என்றார். தேதியை இப்போது மாற்றினால், ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துப் பயந்து மாற்றுகிறார்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லும். மாற்றாவிட்டால் பிள்ளை பொய் சொன்னது என்று ஆகும். "நோட்டக் குடுக்காம, தேதிய மட்டும் மாத்தி ஒரு மனு போட்டுப் பாப்பமா? கொழந்தைக்க அம்மை மறந்து சொன்னான்னு?"

அதாவது பழியைத் தூக்கி அந்த அம்மா தலையில் வைப்பது. ஒரு நிமிடம் எனக்கு ஆசை வந்தது, அதை மறைக்க மாட்டேன். எனக்கு இன்ஸ்பெக்டர் பதவி உயர்வு வர வேண்டிய நேரம். அந்த அம்மாவும் ஒப்புக்கொண்டிருப்பார். நான் சொன்னால் மறந்தேன் என்று கோர்ட்டில் சொல்லியிருப்பார். கட்டன்சாயா போட்டுக் கொடுத்த ஆள்தானே.

வேண்டாம் என்றேன். நோட்டைக் கோர்ட்டில் கொடுத்து மேல் விசாரணைக்கு அனுமதி வாங்கினேன். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டை வாங்கினேன். எட்டாம் கொடைச் செவ்வாயில் பிள்ளை பள்ளிக்கு வந்திருந்தது, பரீட்சை எழுதியிருந்தது. அன்று அவன் ஆட்டோ வீட்டு வாசலில் நின்றதைப் பார்த்தவர்கள் இரண்டு பேர் கிடைத்தார்கள். கோர்ட்டுக்கு வந்தபோது அதில் ஒருவருக்கு நாள் சரியாக நினைவில்லை என்றாகிவிட்டது.

பிள்ளை கோர்ட்டில் அருமையாகச் சொன்னது. திரைக்கு இந்தப் பக்கம், அம்மா மடியை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, என்னிடம் சொன்னதையேதான் சொன்னது. என்ன தேதி என்று கேட்டதற்கு, "தெரியாது. அம்மை மண்டைக்காட்டுக்குப் போன அன்னைக்கு. பேக்கு தோள்ல கெடந்தது," என்றது. ஒரு சொல் பிசகவில்லை.

பிசகியது நான். கூண்டில் ஏறியபோது எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை.

"குழந்தை சொல்லாத தேதியை நீங்களா எழுதினீங்க?"

"ஆமா."

"குழந்தை சொன்னதை எழுத வேண்டாம்னு ஏட்டம்மாகிட்ட சொன்னீங்க?"

"ஆமா."

"என் கட்சிக்காரர் ஆஸ்பத்திரியில இருந்தார்னு தெரிஞ்ச பிறகுதான் உங்களுக்கு எட்டாம் கொடை ஞாபகம் வந்துது?"

"ஆமா. ஆனா..."

"போதும் மேடம்."

விடுதலை என்று தீர்ப்பு வந்தது. விசாரணை அதிகாரியே தான் எழுதிய வாக்குமூலத்தை நம்ப முடியாது என்று ஒப்புக்கொண்ட நிலையில் சந்தேகத்தின் பலனை எதிரிக்குக் கொடுப்பதாக எழுதியிருந்தார்கள். அப்பீல் போட்டிருக்கிறோம், இன்னும் எடுக்கவில்லை. எனக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. பதில் எழுதினேன். பதவி உயர்வு ஆறு மாதம் தள்ளிப்போய், பிறகு வந்துவிட்டது.

அவன் பழைய வீட்டுக்கே திரும்பி வந்தான். அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருமுவது கேட்கிறது என்று பிள்ளை தூங்காமல் இருந்திருக்கிறது. அப்பா வேலைக்காக அங்கேயே தங்க, அம்மாவும் பிள்ளையும் இரணியலில் மாமா வீட்டுக்கு மாறிவிட்டார்கள். அம்மா வேலையை விட்டாயிற்று. பள்ளிக்கூடமும் புதுசு. ஒருநாள் அந்த அம்மாவே எனக்குப் போன் செய்தார்.

"ஒரே கேள்விதான் மேடம் அவளுக்கு. நான் பொய் சொன்னேன்னு எழுதியாச்சான்னு கேக்கா. எனக்குச் சொல்லத் தெரியல்ல. நீங்க ஒரு மட்டம் வந்து சொல்லுவியளா?"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராகப் போனேன். பிள்ளை கொஞ்சம் வளர்ந்திருந்தது. வாசல் படியில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"நீ சொன்னது எல்லாம் உள்ளதுதான் மக்கா. நீ ஒண்ணுமே பொய் சொல்லல்ல. தப்பா எழுதினது நான்."

"நீங்களா?"

"நான்தான்."

"தெரிஞ்சா எழுதுனிய?"

"தெரியாமத்தான். ஆனா நீ சொன்னப்போ நான் கேட்டிருக்கணும். கேக்கல்ல."

அவள் படியில் கிடந்த ஒரு இலைக்காம்பை எடுத்துக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள்.

"அப்போ ஒங்களப் பிடிச்சிட்டுப் போவாவளா?"

"இல்ல மக்கா. என்னைய ஆரும் பிடிக்க மாட்டாவ."

"அந்த ஆளையும் விட்டுட்டாவ," என்றாள். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள், "பெறவு நாங்க மட்டும் எதுக்கு வீட்ட விட்டு வந்தோம்?"